மாமா ஊர் விலக்கு

"கல்யாணத்துக்கு லீவு கேக்கறே, நியாயம். பத்திரிகை கொடுக்க எதுக்கய்யா தனியா நாலு நாள்? எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுட்டு வேலையைப் பாரேன்!" என்றார் எங்கள் மேனேஜர்.

பாவம், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால், மொய்யையும் அதிலேயே அனுப்பிவிட்டு, அத்தோடு ஆயுசுக்கும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டு வாசலில் போய் நிற்கணும். குடும்பத்தோடு நிற்கணும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், அதன்மேல் பத்திரிகையை வைத்து இரண்டு கையாலும் நீட்டணும். "முன்னாடியே வந்திருந்து நடத்திக் குடுக்கணும்" என்று வாயால் சொல்லணும். இதில் ஒன்று குறைந்தாலும் அது பத்திரிகை கொடுத்த கணக்கில் சேராது.

அதைவிட முக்கியம், வரிசை! எங்கள் வீட்டு வழக்கப்படி முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு. மற்ற சொந்தமெல்லாம் மூன்றாம் நம்பரிலிருந்துதான் ஆரம்பம். கலெக்டரே சொந்தக்காரராக இருந்தாலும் மூன்றுக்கு மேல் வர முடியாது.

எங்கள் வீட்டில் வில்லங்கமே அந்த இரண்டாவது பத்திரிகைதான்.

2012-ல் எங்கள் அக்கா கல்யாணம். பாளையங்கோட்டையில் மண்டபம். மாமா சீர்வரிசையோடு வந்தார். தாய்மாமன் மாலை போட்டார். முகூர்த்தம் முடிந்து, அத்தையோடும் பிள்ளைகளோடும் முதல் பந்தியில் போய் உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று. உப்பு, ஊறுகாய், அவியல் எல்லாம் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரின் இன்னொரு வேன் வந்து நிற்கிறது! அப்பா ஓட்டமாக ஓடிவந்து, மாமா காதருகே குனிந்து, "மாப்ள, நீ நம்ம ஆளுதான... அடுத்த பந்தியில உக்காந்துக்கிடேன்" என்று சொல்லிவிட்டார்.

சொன்னது அவ்வளவுதான். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடாத இலையை மடக்கி வைத்தார். கையைக் கழுவினார். (எதற்குக் கழுவினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கை சுத்தமாகத்தான் இருந்தது.) நாலு பேரும் திருச்செந்தூர் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

போனவர்தான். பன்னிரண்டு வருஷம்! அப்பாவும் அவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டாலும் பேச்சில்லை. நல்லது கெட்டதுக்குப் பொது மனுஷர்கள் மூலம் தகவல். அம்மா மட்டும் வாரம் ஒரு தடவை, மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் தம்பியோடு போனில் பேசிவிட்டு வருவாள். மழை நாளில்கூட அம்மா துணி காயப்போடப் போவது அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

பெண் வீட்டார் கோவில்பட்டி. அவர்களோடு எந்தத் தகராறும் கிடையாது. அதற்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது!

2024 மே மாதம். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து இரண்டாவது நாள். வாடகைக் கார் ஒன்று காலை ஆறு மணிக்கே வாசலில் வந்து நின்றது. அப்பா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அந்த சீட் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. போன மார்கழியில் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் மடங்காது. காலை நீட்டித்தான் உட்காருவார். பின் சீட்டில் நான், அம்மா, எங்கள் இருவருக்கும் நடுவில் பத்திரிகைக் கட்டு.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சுமார் 55 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் எத்தனையோ நல்ல ரோடு இருக்கலாம். எனக்கு இந்த ரோடுதான். இடதுபக்கம் எங்கேயோ தாமிரபரணி கூடவே வருகிறது. கண்ணில் படாவிட்டாலும் வாழைத்தோட்டமும் வயலும் அது இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே வரும். கருங்குளம் தாண்டினால் ஆதிச்சநல்லூர். அந்தச் செம்மண் பறம்பில் முதுமக்கள் தாழிகள் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்ததைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். செத்தவர்களைக்கூட அரிசி, பாத்திரம் எல்லாம் வைத்து மரியாதையாக வழியனுப்பிய ஊர்ப்பக்கம் இது. இந்த மண்ணில் ஒருத்தரைப் பந்தியிலிருந்து எழுப்பினால் சும்மா விடுவார்களா?

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியல். அம்மா முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எந்தம்பி பேரு எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"இருபத்திமூணாவது."

காருக்குள் ஏ.சி. போட்டிருந்தும் சூடு ஏறியது. டிரைவர் தம்பி பாட்டை நைசாக நிறுத்திவிட்டு, காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டார்.

"சாமிக்கு அப்புறம் தாய்மாமன். அந்த வரிசைய மாத்துனா நான் கல்யாணத்துக்கே வரல!" என்றாள் அம்மா. மாப்பிள்ளையின் அம்மாவே வராத கல்யாணத்துக்கு நான் எப்படிப் போவது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

புதுக்குடியில், ஸ்ரீவைகுண்டம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2023 டிசம்பர் 17-ம் தேதி பேய்மழை பிடித்தது ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த ஸ்டேஷனில் நின்றது நின்றதுதான். சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தோடு போய், தண்டவாளம் ஊஞ்சல் மாதிரித் தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கி, முன்பின் தெரியாத ஜனங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

மாமா ஊர் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான், ஆற்றை ஒட்டி. அன்றைக்கு அவர் போன் மூன்று நாள் கிடைக்கவில்லை. அம்மா சாப்பிடவில்லை. நான் சென்னையிலிருந்து அரைமணிக்கொரு தரம் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் அப்பாதான் சொன்னாராம்: "அழாத. பேப்பர்ல போட்டிருக்கான். அந்த ஊரு ஆளுக எல்லாரும் பள்ளிக்கூட மாடியில பத்திரமா இருக்காவளாம்." அதற்கப்புறம்தான் அம்மா ஒரு வாய் காபி குடித்தாள்.

ஆழ்வார்திருநகரி வந்தது. நம்மாழ்வார் அவதரித்த ஊர். கோயிலுக்குள் ஒரு புளியமரம் இருக்கிறது. உறங்காப்புளி என்று பெயர், ராத்திரியிலும் இலை மூடாது என்பார்கள். குழந்தையாக இருந்தபோதே அந்த மரப்பொந்தில் போய் உட்கார்ந்த ஆழ்வார், பதினாறு வருஷம் யாரோடும் பேசவில்லையாம். மதுரகவியாழ்வார் வடக்கே அயோத்தியிலிருந்து தேடி வந்து, ஒரு கல்லைப் போட்டு, அப்புறம் ஒரு கேள்வியைப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார் என்பது ஸ்தல வரலாறு.

அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே, "ஆழ்வாரே பதினாறு வருசத்துல வாயத் தொறந்துட்டாரு. சில பேருக்கு இன்னும் நாலு வருசம் பாக்கி இருக்கும் போல!" என்றாள்.

அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. பேசாமல் வந்தார். மாமா ஊர் விலக்கையும் தாண்டி (அப்போது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்) தென்திருப்பேரை வந்ததும் ஆரம்பித்தார்.

"ஏல, இந்தக் கோயில்ல கருடன் சந்நிதி பெருமாளுக்கு நேரா இருக்காது, தெரியுமா?"

"தெரியாதே."

"பெருமாளுக்கு வேதம் கேக்கணும், வாசல்ல சின்னப்புள்ளைக வெளையாடுறதப் பாக்கணும்னு ஆச. கருடன் மறைச்சிக்கிட்டு இருந்தாரு. கொஞ்சம் ஒதுங்கி உக்காருன்னாரு பெருமாள். கருடனும் ஒதுங்கிக்கிட்டாரு. கோவிச்சிக்கிட்டு செந்தூர் பஸ்ஸு ஏறிப் போகல!"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்கோர்: ஒன்றுக்கு ஒன்று. நவதிருப்பதி என்று ஒன்பது கோயில்கள் இந்த ஆற்றங்கரையில் இருக்கின்றன. நல்லவேளை, எங்கள் வழியில் ஒன்பதும் வரவில்லை!

குலதெய்வம் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார். திருச்செந்தூர் பக்கம் தேரி என்று ஒன்று உண்டு. பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டியவரை ரத்தச் சிவப்பில் மணல்மேடு, பனைமரம், கொல்லாமரம். கடலுக்குப் பக்கத்தில் பாலைவனத்தைக் கொண்டுவந்து கொட்டிய மாதிரி இருக்கும். அந்த வறண்ட பூமிக்குள் அய்யனார் கோயிலில் மட்டும் சுனை, மரநிழல், குளிர்ச்சி! செருப்பைக் கழற்றிவிட்டு மே மாதத் தேரி மணலில் நாலு எட்டு வைத்தால் போதும், பரதநாட்டியம் தானாக வரும். முழங்கால் மடங்காத அப்பாகூடத் தாவித் தாவித்தான் வந்தார்.

முதல் பத்திரிகையை அய்யனார் பாதத்தில் வைத்து எடுத்தோம். கும்பிட்டு முடித்ததும் அம்மா அங்கேயே, சாமி சந்நிதியிலேயே கேட்டாள்.

"அடுத்தது எங்க?"

அய்யனார் இருக்கிற இடத்தில் எங்கள் அப்பா என்ன பொய் சொல்ல முடியும்? ரொம்ப நேரம் சுனையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சரி. ஒங்க தம்பி வீட்டுக்கே போவம். நீயும் அவனும் உள்ள போய் வச்சிட்டு வாங்க. நான் விலக்குல நிக்கேன்."

விலக்கு என்றால் வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வழி பிரிகிற இடத்துக்குத்தான் எங்கள் பக்கம் விலக்கு என்று பெயர். அப்பா விஷயத்தில் இரண்டு அர்த்தமும் பொருந்தியது. அப்பா இல்லாமல் போய் வைக்கிற பத்திரிகையை மாமா வாங்குவாரா? அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

திருச்செந்தூர் கோயிலில் அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது (குடமுழுக்கு 2025 ஜூலை 7-ம் தேதி நடந்தது). வெளியிலிருந்தே முருகனுக்கு ஒரு கும்பிடு. வழியில் பனை ஓலைப் பட்டையில் பதநீர், அதில் நுங்கு. அந்த வெயிலில் அது தேவாமிர்தம். அம்மா மட்டும் குடிக்கவில்லை. தம்பி வீட்டில் போய்த்தான் தண்ணீர் குடிப்பாளாம்.

மாமா ஊர் விலக்கில் ஒரு ஓலைக்கூரை டீக்கடை. கார் நின்றது. அப்பா இறங்கி, பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். நானும் அம்மாவும் தாம்பாளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். டீக்கடைக்காரர் அப்பாவையே உற்று உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி... நீங்க வெள்ளத்தப்போ டி.வி.எஸ். ஃபிப்டியில வந்தவுகதான?"

அப்பா அவசரமாக, "ஒரு டீ போடும்" என்றார்.

டீக்கடைக்காரர் விடவில்லை. "அட, அவுகளேதான்! ரோடெல்லாம் அரிச்சிக்கிட்டுப் போயிக் கெடக்கு, இந்தா இந்த எடத்துல வண்டியோட சறுக்கி விழுந்திய. முட்டியில ரத்தம். எந்திரிச்ச ஒடனே கேட்டியளே, இன்ன வீட்டு ஆளு உசுரோட இருக்காரான்னு. பள்ளிக்கூட மாடியில இருக்காவன்னு நாந்தான சொன்னேன்? அரிசிப் பைய எங்கிட்டக் குடுத்து, யாரு குடுத்தான்னு சொல்லாதிரும்னிய... இப்ப முட்டி சொகந்தான?"

அம்மா கையிலிருந்த தாம்பாளம் ஆடியது. ஒரு பழம் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"ரேசன் கடைக்குப் போற வழியில விழுந்தேன்னு சொன்னிய?" என்றாள் அம்மா.

அப்பா பதில் சொல்லவில்லை.

"பேப்பர்ல போட்டிருக்குன்னு சொன்னிய?"

அதற்கும் பதிலில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார். அந்த டீ அவ்வளவு சூடாக இருந்திருக்க முடியாது.

பாளையங்கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிப்டி. ரோடு பாதி இல்லாத நேரம். பேசாத மச்சானைத் தேடி ஒரு மனுஷன் வந்திருக்கிறார்! விலக்கு வரைக்கும் வந்தவர், உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறார். எங்கள் ஊர் ரோஷத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் என்னிடம் இல்லை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரின் முன்கதவைத் திறந்து பிடித்தாள். அப்பா டம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் ஏறினார்.

மாமா வீட்டுச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக்கோடு. தண்ணீர் நின்ற தடம். வீட்டுக்குள்ளே கட்டில், பீரோ எல்லாவற்றிலும் அதே உயரத்தில் அதே கோடு. ஐந்து மாதமாகியும் வெள்ளையடிக்கவில்லை. மாமா திண்ணையிலிருந்து எழுந்தார். அப்பாவைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வாங்க."

அவ்வளவுதான். 'அத்தான்' வரவில்லை. ஆனாலும் பன்மை வந்துவிட்டது!

அத்தை பாய் விரித்தாள். அம்மா முதலில் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து முடித்தாள். தாம்பாளத்தை அப்பா வாங்கி, அவரே நீட்டினார். கை லேசாக நடுங்கியது. "முன்னாடியே வந்திருந்து நடத்திக் குடுக்கணும் மாப்ள." மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பிள்ளையார் சுழியைக்கூடப் படித்திருப்பார். 'தாய்மாமன்' என்ற இடம் வந்தது. அப்பா அவர் பெயரைத்தான் எல்லோருக்கும் மேலே, பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தார். எங்களுக்கே தெரியாது.

மாமா அங்கே விரலை வைத்தார். நெற்றி சுருங்கியது.

"எங்கய்யா பேரு 'சு'வுல ஆரம்பிக்கும். இதுல 'ச'ன்னு இருக்கே?"

செத்தோம்! இனிஷியலில் அச்சுப்பிழை. ஒரு சுழி விடுபட்டுவிட்டது. ஐந்நூறு பத்திரிகை அடித்தாயிற்று. அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. "ப்ரூஃப் பார்த்தேன் மாப்ள... கண்ணுல படல... வேற அடிச்சிருதேன். இன்னைக்கே போன் போட்டு..."

மாமா பத்திரிகையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்தார்.

"வேண்டாம் அத்தான். இருக்கட்டும். நம்ம ஆளுதான?"

வீடே கப்சிப். அந்த இரண்டு வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் பன்னிரண்டு வருஷமாக உச்சரித்திருக்க மாட்டார்கள். மாமா வேண்டுமென்றே சொன்னாரா, வாய்தவறி வந்ததா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் சிரித்தது அத்தைதான். அடுப்படியிலிருந்து புடவைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அம்மா. டிரைவர் தம்பி வாசலில் நின்று, விஷயம் புரியாமலே சிரித்தார்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். இலை போட்டார்கள். அப்பா உட்காரவில்லை. "மாப்ள மொதல்ல உக்காரட்டும்" என்றார். "விருந்தாளி மொதல்ல" என்றார் மாமா. சோறு ஆறிக்கொண்டிருந்தது. பசி எனக்கு. கடைசியில் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தவன் நான்தான். கல்யாண மாப்பிள்ளைக்கு அன்றைக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான்!

கிளம்பும்போது மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னும் எத்தன வீடு இருக்கு? தாய்மாமன் கூட வராம என்ன பத்திரிகை? நானும் வாரேன்."

கார் பக்கத்தில் வந்து எல்லோரும் நின்றோம். இப்போது அடுத்த சிக்கல்: முன் சீட்டில் யார்? டிரைவர் தம்பி என்னைப் பார்க்கிறார். நான் அம்மாவைப் பார்க்கிறேன்.

அப்பா பின்கதவைத் திறந்தார்.

"அத்தான், ஒங்களுக்கு முழங்கால்..." என்றார் மாமா.

"இன்னைக்கு வலி இல்ல. நீ முன்னால ஏறு" என்று சொல்லிவிட்டு, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விலக்கு வருவதற்குள், டிரைவருக்கு எந்த ரோட்டில் திரும்புவது என்பதில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை ஆரம்பமாகிவிட்டது.